பைக் ஏற்ற வண்டி பார்க்கப் போகிறீர்களா? டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள்

கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் இன்னொரு ரேஸ் டிராக். ரேஸுக்குத் தயாரான பைக்கில் ஹெட்லைட் இருக்காது, கண்ணாடி இருக்காது, சைடு ஸ்டாண்டைக்கூடக் கழற்றி வைத்திருப்பார்கள். அதை ரோட்டில் ஓட்டிக்கொண்டு போக முடியாது, ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும். இந்த வேலைக்காகத்தான் என் ஒர்க்‌ஷாப்புக்கு முதல் லோடு வண்டி வாங்கினேன். பிறகு நடுரோட்டில் நின்றுபோன பைக், பெயின்ட்டுக்குப் போகும் பைக், ஊர் மாறுகிறவர்களின் பைக் என்று எல்லாவற்றையும் ஏற்றியாயிற்று. இப்போது ஓடுவது மூன்றாவது வண்டி. முந்தைய வண்டிகளில் பட்ட பாட்டைச் சொல்லத்தான் இது.

வண்டி வாங்கப் போனால் பேச்சு டன்னில்தான் ஆரம்பிக்கும். "ஒண்ணேகால் டன் அசால்ட்டா இழுக்குங்க" என்பார் விற்பவர். அரிசி மூட்டைக்கும் ஹாலோ பிளாக்குக்கும் அது சரியான பேச்சு. பைக்குக்கு அல்ல. ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 மொத்தமே 195 கிலோ. ஸ்ப்ளெண்டர் பிளஸ் 112 கிலோ. 750 கிலோ தாங்கும் குட்டி யானையில் (டாட்டா ஏஸ்) எடைக் கணக்குப்படி ஆறு ஸ்ப்ளெண்டர் ஏற்றலாம். ஏற்றித்தான் பாருங்களேன், மூன்றாவதுக்கே ஹேண்டில்பார் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். எடை தீர்வதற்கு வெகுநேரம் முன்பே இடம் தீர்ந்துவிடும்.

டன் கூடினால் பாதுகாப்பு கூடும் என்று நினைத்ததுதான் நான் செய்த முதல் தவறு. நான் வாங்கிய பழைய பிக்கப்பில் முந்தைய ஓனர் சிமென்ட் லோடு அடித்திருந்தார். பின் சக்கர ஸ்பிரிங்கில் எக்ஸ்ட்ரா பட்டை வேறு போட்டிருந்தார். ஒன்றரை டன் ஏறினால்தான் அந்தப் பட்டை கொஞ்சமாவது வளையும். நான் ஏற்றியதோ ஒரே ஒரு பைக். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் பின்பக்கம் கல்லை உதைத்த மாதிரி எகிறும். வண்டி எகிறும்போது பைக்கின் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் குழாய்) அமுங்கும், அமுங்கிய நொடியில் பைக்கைக் கட்டிய பெல்ட் தளரும், தளர்ந்த பெல்ட்டின் கொக்கி நழுவும். பல்லடம் தாண்டி ஒரு பிரேக்கரில் அப்படித்தான் நடந்தது. சத்தம் கேட்டு இறங்கிப் பார்த்தால், கஸ்டமருடைய கிளாசிக் கேபினுக்குப் பின்னால் இருக்கும் கம்பியில் சாய்ந்து நின்றது. டேங்கில் ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு குழி. பெரிய குழி என்றால் பட்டி வைத்து ஒப்பேற்றிவிடலாம். குரோம் வேலை செய்த டேங்கில் சின்னக் குழிதான் தலைவலி. அந்த மாதம் சம்பாதித்தது அந்த டேங்குக்கே போயிற்று.

ஆகவே ஒன்றிரண்டு பைக்தான் ஏற்றப் போகிறீர்கள் என்றால் பட்டை குறைவான, மிருதுவான வண்டியே நல்லது. பழைய வண்டி பார்க்கும்போது கீழே குனிந்து பட்டையை எண்ணுங்கள். கம்பெனி கொடுத்ததைவிட ஒன்று கூடுதலாக இருந்தால், அந்த வண்டி எதைச் சுமந்திருக்கிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

நீளம்: காகிதத்தில் உள்ளதும் பெட்டிக்குள் உள்ளதும்

டாட்டா ஏஸ் கோல்டின் பெட்டி 2,200 மி.மீ. நீளம், 1,490 அகலம். கிளாசிக் 350 நீளம் 2,145. காகிதத்தில் ஐந்தரை சென்டிமீட்டர் மிச்சம், டெயில் டோர் மூடிவிடும். இதைப் பார்த்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள். முன் சக்கரம் கேபின் பக்கத் தகட்டில் முட்டிக்கொண்டு நின்றால், முன் பெல்ட்டை எங்கே கட்டுவீர்கள்? பெல்ட் ஹேண்டில்பாரிலிருந்து கீழ்நோக்கியும் முன்நோக்கியும் சாய்வாக இறங்க வேண்டும். சக்கரத்துக்கு முன்னால் ஓரடி இடமாவது இல்லாவிட்டால் பெல்ட் நேராகக் கீழேதான் இறங்கும். பிரேக் அடிக்கும்போது பைக் பின்னுக்கும் முன்னுக்கும் ஊஞ்சல் ஆடும்.

குட்டி யானையில் பெரிய பைக்கைக் கோணலாக நிறுத்தினால் தப்பிக்கலாம். மூலைக்கு மூலை 2,650 மி.மீ. கிடைக்கும். ஆனால் கோணலாக நிற்கிற பைக் இரண்டு பைக்கின் இடத்தைத் தின்றுவிடும். ஆக குட்டி யானை என்பது ஒரு புல்லட் வண்டி, அல்லது இரண்டு ஸ்ப்ளெண்டர் வண்டி. இரண்டு பெரிய பைக் என்றால் எட்டடிக்கு மேல் பெட்டி உள்ள அசோக் லேலண்ட் தோஸ்த், டாட்டா இன்ட்ரா வி30, பொலேரோ பிக்கப் வகையறாவுக்குத்தான் போக வேண்டும்.

அகலத்திலும் இதே கதைதான். கிளாசிக்கின் ஹேண்டில்பார் 785 மி.மீ. இரண்டை ஜோடியாக நிறுத்தினால் 1,570. தோஸ்த்தின் உள் அகலமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒன்றை முன்னே தள்ளி, ஒன்றைப் பின்னே இழுத்து நிறுத்தினால் ஹேண்டில்கள் தட்டாது. அதற்கும் நீளம் வேண்டும் என்பதைக் கவனியுங்கள். எல்லாக் கணக்கும் கடைசியில் நீளத்தில்தான் வந்து நிற்கிறது.

இசுசு வி-கிராஸ், ஹைலக்ஸ் மாதிரியான டபுள் கேபின் பிக்கப்பைப் பார்த்து ஆசைப்படுகிறவர்களும் உண்டு. பார்க்கக் கம்பீரம், ஒயிட் போர்டு, வீட்டுக்கும் ஆச்சு. பெட்டி நீளம் சுமார் ஐந்தடி. பைக் ஏழடி. டெயில் டோரைத் திறந்து பின் சக்கரத்தை அதன் மேல் நிறுத்திக்கொண்டு போகிறார்கள். மண் டிராக்கில் ஓட்டும் இலேசான பைக்குக்கு அது ஒத்துவரலாம். 195 கிலோ பைக்கை இரண்டு கேபிளில் தொங்கும் கதவின்மேல் நிறுத்திக் குழியிலும் மேட்டிலும் விட எனக்கு மனசு வராது.

ஏற்றும்போதுதான் உயரம் தெரியும்

ஷோரூமில் நிற்கும்போது தள உயரம் ஒரு விஷயமாகவே தோன்றாது. தளம் தரையிலிருந்து 75 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறடிப் பலகை போட்டால் சரிவு 24 டிகிரி. அதில் கிளாசிக்கைத் தள்ள வேண்டுமானால் கிட்டத்தட்ட 80 கிலோ கனத்தை மேலே தள்ளுகிற பலம் வேண்டும். எட்டடிப் பலகை என்றால் சரிவு 18 டிகிரி, பலம் 60 கிலோ. ஒருவர் தனியாகச் செய்வதற்கும் இரண்டு பேரைக் கூப்பிடுவதற்கும் நடுவே உள்ள வித்தியாசம் இதுதான். பட்டை ஏற்றிய வண்டியில் தளம் இன்னும் உயரும்.

கனத்தைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்று இருக்கிறது. விடிகாலை ஐந்து மணிக்கு டிராக்குக்குக் கிளம்புகிறோம். நான் இடது பக்கம் நின்று ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளுகிறேன். பைக் பலகையில் ஏறுகிறது, நான் தரையிலேயே நிற்கிறேன். பாதிப் பலகை போனதும் ஹேண்டில் என் நெற்றிக்கு நேரே. முன் பிரேக் லீவர் விரலுக்கு எட்டவில்லை. மேலேயும் தள்ள முடியாது, விடவும் முடியாது. எதிர்க்கடை டீ மாஸ்டர் கரண்டியோடு ஓடி வந்து பின்னால் தாங்கினார். அன்றிலிருந்து இரண்டு பலகை வைத்திருக்கிறேன். ஒன்று பைக்குக்கு, இன்னொன்று எனக்கு. ஆகவே வண்டி வாங்கும்போதே, எட்டடிப் பலகை இரண்டு பெட்டிக்குள் பைக்கோடு சேர்ந்து அடங்குமா என்று பாருங்கள். மடக்குகிற அலுமினியப் பலகை என்றால் கவலை பாதி குறையும்.

பலகையைச் சும்மா சாய்த்து வைத்து ஏற்றுவது இன்னொரு ஆபத்து. பின் சக்கரம் ஏறும்போது அது பலகையைப் பின்னுக்கு உதைக்கும். பலகை தளத்தை விட்டு நழுவினால் பைக் மட்டுமல்ல, ஆளும் கீழே. பலகையின் தலைப்பில் கொக்கி வைத்து, சங்கிலியால் வண்டியோடு கட்டிவிட வேண்டும். டெயில் டோரைத் தொங்கவிட்டு அதன் மேல் பலகையைச் சாய்க்காதீர்கள். பைக்கும் ஆளுமாக 265 கிலோ ஏறினால் கீல் வளையும். ஊர்ப்பக்கம் நம் ஆட்கள் செய்யும் வித்தை ஒன்று உண்டு. வண்டியை ரிவர்ஸ் எடுத்துப் பின் சக்கரத்தைப் பள்ளத்தில் இறக்கி, டெயில் டோரை வாய்க்கால் மேட்டுக்கு நேராக நிறுத்திவிடுவார்கள். பலகைச் சரிவு பாதியாகிவிடும். காசில்லாத ஹைட்ராலிக் அது.

மூடிய வண்டியா, திறந்த வண்டியா

மழை, தூசி, திருட்டு மூன்றுக்கும் மூடிய வண்டி நல்லது. ஆனால் வாங்குகிறவர்கள் உள் உயரத்தை அளந்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அளக்க வேண்டியது கதவு வாயை. கண்ணாடியைக் கழற்றினால்கூட கிளாசிக் 1,090 மி.மீ. உயரம் நிற்கும். பலகையின் உச்சியில் முன் சக்கரம் தளத்தில் ஏறும் அந்த நொடியில் ஹேண்டில் கதவுச் சட்டத்தின் மேல் விளிம்புக்கு மிக நெருக்கமாக வரும். மாருதி ஈகோ கார்கோவின் மொத்த உயரமே 1.8 மீட்டர் சொச்சம். அதில் தளத்துக்குக் கீழே உள்ளது போக, கூரையும் கதவுச் சட்டமும் போக எவ்வளவு மிஞ்சும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். ஸ்கூட்டருக்கே குனிந்து தவழ வேண்டியிருக்கும். ஃபோர்ஸ் டிராவலர் டெலிவரி வேன் போன்ற உயரக் கூரை வண்டியில் உள்ளே நின்று வேலை பார்க்கலாம், ஆனால் விலையும் அதற்கேற்பத்தான்.

மூடிய பெட்டியில் பெட்ரோல் ஆவி தங்கும். சித்திரை வெயிலில் தகரப் பெட்டிக்குள் நிறை டேங்க்கோடு பைக்கை அடைத்து வைத்துவிட்டுக் கதவைத் திறந்தால் வாடையே சொல்லிவிடும். காற்றுப் போக்கு இல்லாத பெட்டியாக இருந்தால் டேங்கை முக்கால்வாசி காலி செய்துவிட்டு ஏற்றுங்கள். ரயில் பார்சலில் பைக் போட்டால் டேங்கைக் காலி செய்யச் சொல்வதும் இதற்காகத்தான்.

என் மூன்றாவது வண்டி திறந்த தோஸ்த். மேலே கம்பிக் கூடு, தார்ப்பாய். போதும்.

கொக்கி

இதை யாருமே பார்ப்பதில்லை. லோடு வண்டியின் பக்கவாட்டில் வெளியே இருக்கும் சின்னக் கம்பிக் கொக்கிகள் தார்ப்பாய்க் கயிறு கட்டுவதற்கு. அதில் ராட்செட் பெல்ட்டை (பைக்கை இழுத்து இறுக்கும் பெல்ட்) மாட்டினால் பெல்ட் பக்கப் பலகையின் விளிம்பில் உரசிக்கொண்டே இருக்கும், நூறு கிலோமீட்டரில் நூல் பிரிய ஆரம்பிக்கும். பைக்குக்குத் தளத்திலேயே நான்கு வளையம் வேண்டும். வளையத்தைத் தரைத் தகட்டில் வெல்டிங் வைத்தால் தகடு கிழியும். தளத்துக்குக் கீழே ஓடும் குறுக்குச் சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்க வேண்டும். வாங்கும்போது கீழே எட்டிப் பார்த்து, குறுக்குச் சட்டம் எங்கெங்கே ஓடுகிறது, வளையம் வைக்கத் தோதாக இருக்கிறதா என்று கவனியுங்கள். வெல்டிங்கே செய்ய வேண்டியிருந்தால் முதலில் பேட்டரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள். இன்றைய வண்டிகளில் கம்ப்யூட்டர் பெட்டி போய்விட்டால் செலவு வளையத்தோடு நிற்காது.

முன் சக்கரம் திரும்பாமல் நிற்க, தளத்தில் சக்கரப் பிடி ஒன்று வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ரேஸ் பைக்குக்கு ஸ்டாண்டே இல்லாததால் இது கட்டாயம். சாதாரண பைக்கையும் சைடு ஸ்டாண்டில் நிறுத்தி இறுக்காதீர்கள், ஸ்டாண்ட் தாங்கும் பிராக்கெட் விரிசல் விடும். ஸ்டாண்ட் மடங்கியிருக்க, பைக் நேராக நிற்க, ஃபோர்க் மூன்றில் ஒரு பங்கு அமுங்கும் வரை இறுக்கினால் போதும். பலம் இருக்கிறதே என்று அடிவரை இறுக்கினால், கோவையில் ஏற்றிய பைக் சென்னையில் இறங்கும்போது ஃபோர்க்கின் ஆயில் சீல் கசியும்.

காகிதம்

லோடு வண்டி ஒயிட் போர்டு கார் மாதிரி அல்ல. புது வண்டிக்கு எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எஃப்.சி. (தகுதிச் சான்று), பிறகு வருடா வருடம். மொத்த எடை (வண்டியும் சரக்கும் சேர்த்து) 3,000 கிலோவைத் தாண்டாத வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66-வது பிரிவு பெர்மிட் கேட்பதில்லை. குட்டி யானையும் சாதாரண தோஸ்த்தும் இதற்குள் அடங்கும், பெரிய பிக்கப்களில் சில தாண்டும். ஆர்.சி.யில் மொத்த எடையைப் பார்த்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் பற்றி இனிக் குழப்பம் வேண்டாம். 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டியை எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துவிட்டது.

பைக்கின் பின் சக்கரம் பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் 194(1ஏ) பிரிவில் 20,000 ரூபாய் அபராதம், இறக்கி வைக்கும் செலவு தனி. பையனைப் பின்னால் உட்காரவைத்து "பிடிச்சுக்கோடா" என்று ஓட்டுவது அதைவிட மோசம். பைக் சாய்ந்தால் அவன் பிடித்து நிறுத்தப் போவதில்லை, அவன்மேல்தான் விழும்.

ஒரு நல்ல சேதியும் உண்டு. பைக்குக்கு முழு இன்சூரன்ஸ் இருந்தால், சாலை, ரயில் வழியே ஏற்றிச் செல்லும்போது ஏற்படும் சேதமும் வழக்கமான பாலிசியில் அடக்கம். தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்திருந்தால் கிடையாது. அந்த டேங்க் குழிக்கு நான் கைக்காசு கொடுத்த பிறகுதான் இது எனக்குத் தெரியவந்தது.

வருடத்துக்கு நாலு தடவைதான் டிராக்குக்குப் போவீர்கள் என்றால் வாங்குவதே தவறு. எஃப்.சி., வரி, இன்சூரன்ஸ், நிறுத்த இடம் எல்லாம் சேர்த்துப் பாருங்கள். பலகையும் பெல்ட்டும் உங்களுடையதாக வைத்துக்கொண்டு வண்டியை வாடகைக்கு எடுங்கள்.

வாங்கியே தீருவது என்றால், உங்களிடம் உள்ளதிலேயே பெரிய பைக்கை ஓட்டிக்கொண்டு போய், அட்வான்ஸ் கொடுக்குமுன் ஏற்றிப் பாருங்கள். போன மாதம் நண்பர் ஒருவருக்காகத் திருப்பூரில் ஒரு குட்டி யானை பார்க்கப் போனோம். அவருடையது ஹிமாலயன் 450. விற்பவர் ஒரே போடாகப் போட்டார், "அதெல்லாம் தாராளமா ஏறுங்ணா". ஏறியது. நேராக நிறுத்தி, முன் சக்கரத்தைத் தகட்டோடு ஒட்டவைத்து டெயில் டோரைத் தூக்கினோம். இரண்டு விரற்கடை மூட மறுத்தது. மூன்று பேரும் தள்ளிப் பார்த்தோம். "கொஞ்சம் தெறந்தே ஓட்டிக்கலாமுங்க" என்றார் அவர். டீ வாங்கிக் கொடுத்தார், குடித்துவிட்டுப் பைக்கை இறக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.