வைப்பர் ஓடலையா? மோட்டாரைக் குறை சொல்லும் முன் காது கொடுத்துக் கேளுங்க

போன ஜூனில் வால்பாறையிலிருந்து மாமனாரின் பழைய மாருதி 800-இல் இறங்கிக்கொண்டிருந்தோம். ஆழியாறு வரை 40 கொண்டை ஊசி வளைவு. பாதிகூடத் தாண்டவில்லை, டிரைவர் பக்கத்து வைப்பர் கண்ணாடி நடுவில் நின்றுவிட்டது. இடது பக்கத்துக் கை மட்டும் ஜோராக ஆடிக்கொண்டிருந்தது.

"மோட்டார் போச்சுங்க மாப்ள" என்றார் மாமனார்.

போயிருந்தால் இரண்டு கையும் ஒட்டுக்கா நின்றிருக்கும். ஓரமாக நிறுத்தி, கையின் அடியில் இருந்த பிளாஸ்டிக் மூடியை நகத்தால் நெம்பினேன். உள்ளே நட்டு லூசாக ஆடிக்கொண்டிருந்தது. ஸ்பேனரை ஒன்றரைச் சுற்று திருப்பியதும் சரியாகிவிட்டது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பதால் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்து வண்டிகளில் வைப்பர் ஓடித் தேய்வதைவிடச் சும்மா கிடந்தே கெடுகிறது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை சுவிட்சைத் தொடுவதே அபூர்வம். வெயிலில் ரப்பர் விறைத்துப்போகும். வேப்பமரத்தடியில் நிறுத்தினால் கண்ணாடிக்குக் கீழே உள்ள சல்லடையில் இலை அடைந்து, உள்ளே ஈரம் தங்கி, கம்பிகள் துருப்பிடிக்கும். அதனால் மே கடைசியில் ஒரு நாள் இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள்.

10, 12, 14 எம்எம் ஸ்பேனர், கம்பி பிரஷ், கிரீஸ், நைசான எமரி பேப்பர், கரண்ட் வருகிறதா என்று எரிந்து காட்டும் ஒரு டெஸ்ட் லேம்ப் போதும். டெஸ்ட் லேம்ப் கடையில் கிடைக்கும். இல்லையென்றால் 12 வோல்ட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு ஒயர் கோத்தாலும் அதே வேலை நடக்கும்.

முதலில் சத்தம்

கண்ணாடியில் நன்றாகத் தண்ணீர் ஊற்றுங்கள். காய்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓட்டவே கூடாது. சாவியைத் திருப்பி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், சுவிட்சைப் போட்டுக் கேளுங்கள். 'ங்ங்' என்று மோட்டார் சுற்றும் சத்தம் வருகிறதா, சுத்த அமைதியா? இந்த ஒன்றிலேயே வேலை பாதியாகிவிடும்.

சத்தம் வருகிறது, கை ஆடவில்லை

கரண்டில் குறையில்லை, கோளாறு இரும்பில். ஒரு கை மட்டும் நின்றால் பெரும்பாலும் அதன் நட்டு. இரண்டும் நின்றால் மோட்டாரையும் கைகளையும் இணைக்கும் லிங்க் கம்பி குண்டு மூட்டிலிருந்து கழன்றிருக்கும். மூட்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் வளையம், அதாவது புஷ், தேய்ந்தால் இப்படி ஆகும். அழுத்தினால் திரும்ப மாட்டிக்கொள்ளும், ஆனால் புஷ்ஷை மாற்றாவிட்டால் மறுபடி கழன்றுவிடும். அங்கே கை விடும் முன் சாவியை எடுத்து, பேட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றிவிடுங்கள். அந்தக் கம்பி விரலை நசுக்கிவிடும்.

நட்டை இறுக்கியும் கை வழுக்கினால் அதைக் கழற்றத்தான் வேண்டும். இங்கே அவசரம் வேண்டாம். முதலில் வைப்பரைச் சுவிட்சிலேயே நிறுத்தி, பிளேடு வழக்கமாகப் படுக்கும் கோட்டில் கண்ணாடி மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். நட்டை முழுதாக எடுக்காமல் இரண்டு மரை மட்டும் தளர்த்துங்கள். கையை நிமிர்த்தி, இடமும் வலமும் மெல்ல அசைத்தால் விட்டுக்கொடுக்கும். துருவாக இருந்தால் துரு நீக்கும் ஸ்பிரே அடித்து, டீ குடித்துவிட்டு வாருங்கள். ஸ்க்ரூடிரைவரைக் கண்ணாடியில் ஊன்றி நெம்பாதீர்கள், அப்புறம் கண்ணாடிச் செலவு வேறு. கழன்றதும் கை மாட்டியிருந்த தண்டில் உள்ள பல்லைக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். கையின் உள்பல் மழுங்கி வழவழவென்று இருந்தால் வேறு கைதான் வாங்க வேண்டும். டேப் கோட்டுக்கு நேராக மாட்டி இறுக்குங்கள்.

சத்தமே இல்லை

ஃபியூஸைப் பாருங்கள். பிளேடு வகை ஃபியூஸில் சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20. எது இருந்ததோ அதே அளவு போடுங்கள். சிகரெட் பேப்பர், செப்புக் கம்பி சுற்றும் வித்தையெல்லாம் ஒயரிங்கை எரித்துவிடும். புது ஃபியூஸும் உடனே போனால் மோட்டார் எங்கேயோ இறுகி நிற்கிறது, இல்லையென்றால் ஒயர் பாடியில் உரசுகிறது.

ஃபியூஸ் நன்றாக இருந்தால் மோட்டார் கனெக்டருக்குப் போங்கள். டெஸ்ட் லேம்பின் ஒரு முனையைப் பாடியில் பெயின்ட் இல்லாத போல்ட்டில் பிடித்து, சுவிட்சை ஆன் செய்து, மறுமுனையைக் கனெக்டர் ஒயர்களில் ஒவ்வொன்றாக வையுங்கள். எதிலும் எரியவில்லையென்றால் கோளாறு சுவிட்சிலோ ஒயரிலோ. எரிந்தும் மோட்டார் சுற்றவில்லையா? மோட்டார் உடம்பிலிருந்து பேட்டரி நெகடிவுக்குத் தனியாக ஒரு ஒயர் கொடுத்துப் பாருங்கள். ஓடினால் எர்த், அதாவது கரண்ட் பாடி வழியாகத் திரும்பும் இணைப்பில் கோளாறு, போல்ட் அடியில் துருவைச் சுரண்டினால் போதும். அப்போதும் ஓடாவிட்டால் ஸ்பேனர் கைப்பிடியால் மோட்டாரை லேசாகத் தட்டுங்கள். தட்டினால் ஓடுகிறதென்றால் உள்ளே சுற்றும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் கட்டை தேய்ந்திருக்கிறது. மாமனார் சொன்ன வசனம் இந்த இடத்தில்தான் பொருந்தும். ஆனாலும் கார்பன் மட்டும் மாற்றித் தருகிற எலெக்ட்ரீஷியன் இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டுப் புது மோட்டாருக்குப் போங்கள்.

ஓடுகிறது, ஆனால்...

மெதுவாக ஓடினால் லிங்க்கை மோட்டாரிலிருந்து கழற்றி, கைகளை விரலால் அசைத்துப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் தண்டு காய்ந்திருக்கிறது. ஸ்பிரே அடித்து அசைத்து, பிறகு கிரீஸ். சுவிட்சை அணைத்ததும் நடுக்கண்ணாடியிலேயே நின்றால், மோட்டாரின் கியர் மூடிக்குள், கையைக் கீழே கொண்டுவந்து நிறுத்த உதவும் பார்க்கிங் தகட்டில் கரி படிந்திருக்கும். எமரி பேப்பரால் துடையுங்கள்.

கோடு கோடாக விழுந்தால் ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் துடைத்துப் பாருங்கள். விளிம்பு வெடித்திருந்தால் மாற்றுங்கள். பழைய பிளேடை இஞ்ச் டேப்பால் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் தடவாதீர்கள், ராத்திரி எதிர் லைட்டில் கண்ணாடி முழுக்கப் பால் படர்ந்த மாதிரி ஆகிவிடும்.

வழியில் எதுவுமே கைகொடுக்கவில்லையென்றால் பழைய லாரிக்காரர்களின் வித்தை ஒன்று உண்டு. பீடியைப் பிரித்து அந்தப் புகையிலைத் தூளை ஈரக் கண்ணாடியில் வெளிப்பக்கம் தேய்த்தால் தண்ணீர் முத்துமுத்தாக நிற்காமல் வழிந்து ஓடும். தூறலுக்குக் கொஞ்ச தூரம் தாங்கும். மலைப்பாதையில் கனமழை என்றால் அதை நம்பாமல் ஓரங்கட்டி நிற்பதுதான் சரி.