புட்பால் டோர்னமென்ட்டுக்கு லோகோ எப்படி பண்றது

லோகோ பண்ணணும்னதும் நேரா கம்ப்யூட்டர்ல போய் உக்காராதீங்க. மொதல்ல ஒரு பேப்பர எடுத்து போட்டி எங்க நடக்குது, எந்த மாசம், எத்தனை டீம், கப் என்ன ஷேப்னு எழுதுங்க, ஐடியா அதுக்குள்ளதான் ஒளிஞ்சிருக்கும். 2022 கத்தார் வேர்ல்டு கப் லோகோவ கொஞ்சம் உத்துப் பாருங்க, ஸ்டேடியம் மொத்தம் எட்டு அதனால 8 மாதிரி ஷேப், படுக்க வச்சா முடிவிலி குறி, போட்டி நடந்தது நவம்பர் டிசம்பர்ல, அங்க அப்போ குளிர் சீசன், அந்த சீசன்ல போத்திக்கிற கம்பளி சால்வைதான் வளைஞ்சு சுத்தி வந்து கப் மாதிரி நிக்குது, சால்வைல இருக்கிற பூ வேலை கூட அதுல இருக்கும். இத்தனை விஷயம், ஆனா கண்ணுக்குத் தெரியறது ஒரே உருவம். அதான் தெறமை.

பந்து, கொடி, கோல் போஸ்ட், உலக உருண்டைன்னு எல்லாத்தையும் அள்ளிக் கொட்டினா எதுவுமே மனசுல நிக்காது. ஒண்ண எடுங்க, மீதிய தைரியமா விடுங்க.

வரைஞ்சு முடிச்சதும் விளக்கம் எதுவும் சொல்லாம நாலு பேர்கிட்ட காட்டி "என்ன தெரியுது"ன்னு மட்டும் கேளுங்க. 2014 பிரேசில் லோகோல மூணு கை சேர்ந்து கப்ப தூக்குற மாதிரி வரைஞ்சாங்க, நல்ல ஐடியாதான், ஆனா நெறைய பேருக்கு ஒருத்தர் கையால மூஞ்சிய மூடிக்கிட்டு நிக்கிற மாதிரிதான் தெரிஞ்சுது, ஒரு தடவ அப்படி தெரிஞ்சுட்டா அப்புறம் மாத்தி பாக்கவே முடியாது.

கலர கடைசில தொடுங்க. கறுப்பு வெள்ளைல நல்லா இல்லாத லோகோவ எந்த கலரும் காப்பாத்தாது. 2026 வேர்ல்டு கப் லோகோல 2க்கு கீழ 6 வச்சு முன்னாடி நிஜ கப்போட போட்டோவையே போட்டுட்டாங்க, நம்பர் ரெண்டும் சிம்பிளா இருக்கிறதால போட்டி நடக்குற 16 ஊரும் தன் தன் கலர், டிசைன்ல நிரப்பிக்க முடியுது, அது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, ஆனா போட்டோ வைக்கிறத நீங்க பாத்து செய்யுங்க, ஜெர்சியோட கைப் பகுதில நூலால தைக்கும்போது போட்டோ ஒத்துழைக்காது.

டிவி ஸ்கோர் பக்கத்துல வர்ற சைஸுக்கு சுருக்கிப் பாருங்க, மெல்லிசு கோடெல்லாம் காணாம போகும், அதெல்லாம் தடிமனாக்குங்க இல்லன்னா எடுத்துடுங்க. பைல் கண்டிப்பா வெக்டர்ல, அதாவது எவ்வளவு பெருசாக்கினாலும் கோடு உடையாத வகைல இருக்கணும், டிக்கெட்லயும் அதே படம் ஸ்டேடியம் செவத்துலயும் அதே படம். இன்னொண்ணு, வேர்ல்டு கப் நடத்துற பிஃபாவோட கப் உருவத்த அப்படியே எடுத்துப் போட்றாதீங்க, அது அவங்க உரிமை, உங்க போட்டிக்குன்னு இருக்கிற கப்ப வரைங்க.