கற்பூரவள்ளியின் பற்றீரியா எதிர்ப்பு: பிரித்தெடுக்கும் முறைகளை ஒப்பிடுகையில் பிழை விடும் இடங்கள்

கசாயம் காய்ச்சுவதா, எதனோலில் ஊறவைப்பதா, கரைப்பானின் ஆவியைக் குளிர்வித்துப் பொடிமேல் திரும்பத் திரும்ப விழச்செய்யும் சொக்ஸ்லெற் கருவியா என்று ஒப்பிடும் செயற்றிட்டங்கள் பல, இலை அரைக்கும் முன்பே கெட்டுவிடுகின்றன. கசாயத்துக்குத் தண்ணீர், சொக்ஸ்லெற்றுக்கு எதனோல் என்று எடுத்தால் அங்கே ஒப்பிடப்படுவது முறையல்ல, கரைப்பான். ஒரே கரைப்பானில் இரண்டு முறைகளையாவது வைத்துப் பாருங்கள்.

அடுத்தது உலர்த்தல். கற்பூரவள்ளி தடித்த, நீர் நிறைந்த இலை. மழையும் மூடுபனியும் இறங்கும் மாதங்களில் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ நிழலில் விரித்தால் காய்வதற்குள் பூஞ்சணம் பிடிக்கும். சில பூஞ்சணங்கள் தாமே பற்றீரியாவைக் கொல்லும் பொருள்களைச் சுரப்பதால், அந்த இலையில் கிடைக்கும் முடிவை நம்ப முடியாது. கடும் வெயிலும் ஆகாது. இலையில் பற்றீரியாவை எதிர்க்கும் கார்வக்ரோல் ஆவியாகும் எண்ணெய்ப்பொருள். காற்றோட்டமுள்ள உலர்த்தியில் 40 பாகை செல்சியசுக்கு மேற்படாமல், நிறை மாறாமல் நிற்கும்வரை உலர்த்துங்கள். ஒரே நாளில் பறித்த இலையை ஒன்றாகப் பொடித்துக் கலந்து, அதிலிருந்தே ஒவ்வொரு முறைக்கும் 10 கிராம் பொடி, 100 மில்லிலீற்றர் கரைப்பான் எனப் பங்கிடுங்கள்.

கசாயத்தைத் திறந்த சட்டியில் காய்ச்சினால் கார்வக்ரோல் நீராவியோடு போய்விடும், மூடி போடுங்கள். நுவரெலியாவின் உயரத்தில் (ஏறத்தாழ 1,868 மீற்றர்) தண்ணீர் 94 பாகையளவிலேயே கொதிப்பதால், 'கொதிக்கவைத்தோம்' என்று மட்டும் எழுதாமல் வெப்பநிலையையும் குறியுங்கள். சொக்ஸ்லெற்றில் இன்னொரு பொறி: குடுவையில் 70% எதனோல் ஊற்றினாலும் மேலெழும் ஆவியில் எதனோல் பங்கு கூடிவிடும். பொடியைக் கழுவுவது 70% அல்ல. ஊறவைத்த 70% சாற்றோடு அதை நேரடியாக ஒப்பிட முடியாது.

மிகப் பெரிய பிழை செறிவில்தான். எல்லாச் சாறுகளிலும் ஒரே கனவளவு எடுத்து, பற்றீரியா பூசிய ஏகாரில் வைக்கும் சிறு தாள் வட்டில் இட்டால், கூடுதலாகக் கரைந்த சாறே வெல்லும். தாழமுக்கத்தில் 40 பாகையளவில் கரைப்பானை நீக்கி, மிச்சத்தை நிறுத்து, மில்லிலீற்றருக்கு 100 மில்லிகிராம் வீதம் மறுபடி கரையுங்கள். 6 மில்லிமீற்றர் வட்டில் 20 மைக்ரோலீற்றர் இட்டால் 2 மில்லிகிராம் சேரும். கரைப்பான் மட்டும் இட்ட வட்டு கட்டாயம். மிஞ்சிய எதனோலே பற்றீரியாவைக் கொல்லும். தண்ணீர்ச் சாற்றில் விளைச்சல் அதிகமாகக் காணப்படலாம், ஆனால் அதில் சீனியும் பிசினுமே அதிகம் இருக்கக்கூடும். கிராம் கணக்கைக் காட்டிப் பெருமைப்படுவது வீண்.

பற்றீரியாக் கலங்கலை 0.5 மக்ஃபார்லன்ட் (கலங்கலின் அடர்த்தியைக் குறிக்கும் நியமம்) அளவுக்குச் சரிசெய்து 15 நிமிடத்துக்குள் பூசுங்கள். முல்லர்-ஹின்டன் ஏகார் (பற்றீரியா வளர்க்கும் கூழ் ஊடகம்) 4 மில்லிமீற்றர் ஆழம் வேண்டும். 90 மில்லிமீற்றர் கிண்ணத்துக்கு ஏறத்தாழ 25 மில்லிலீற்றர். வட்டைச் சுற்றிப் பற்றீரியா வளராத தடுப்பு வலயம் பெரிதென்றால் வீரியம் பெரிதென்று முடிவுகட்ட வேண்டாம்: எண்ணெய்ச் சேர்வைகள் ஏகாரில் நன்றாகப் பரவுவதில்லை. இழிவுத் தடுப்புச் செறிவை, அதாவது வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவை, குழித்தட்டில் திரவ ஊடகத்தில் காணுங்கள். சாறு கரும்பச்சை என்பதால் கலங்கலைக் கண்ணால் பார்க்க முடியாது; ரெசசூரின் என்ற சாயம் சேர்த்தால், பற்றீரியா உயிரோடிருக்கும் குழியில் நீலம் இளஞ்சிவப்பாகும். ஒரே சாற்றில் மூன்று வட்டு வைப்பது மூன்று மீள்பரிசோதனையாகாது, பிரித்தெடுப்பையே மூன்று முறை செய்ய வேண்டும்.

பிரஷர் குக்கரில் ஊடகத்தைக் கிருமிநீக்குவோருக்கு: சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அமுக்கம் கடல்மட்டத்தில் 121 பாகை தரும். நுவரெலியாவில் 118 பாகையளவுதான். 15 நிமிடத்தை 30 ஆக்குங்கள். பயன்படுத்திய கிண்ணங்களையும் அப்படியே அவித்த பிறகுதான் வீச வேண்டும்.