பாபநாசத்துக்குத் தூண்டிலோடு வருகிறவர்களுக்கு

போன ஞாயிற்றுக்கிழமை பாபநாசத்துக்குக் கீழே, தாமிரபரணி ஆற்று நடுப் பாறையில் நான்கு பையன்கள், கையில் புதுத் தூண்டில். பதினைந்து வருடத்துக்கு முன் நான் மாட்டிக்கொண்ட அதே பாறை. தொப்பி, தண்ணீர் பாட்டில் சமாச்சாரமெல்லாம் வீட்டில் சொல்லியிருப்பார்கள். மற்றதைச் சொல்கிறேன்.

காரையாறு அணைப் படகை நம்பி வருவது

பாணதீர்த்த அருவிக்குப் படகில் போன பழைய போட்டோக்களைப் பார்த்துக் கிளம்பிவிடுகிறார்கள். அந்தப் படகு நின்று பல வருடமாகிறது.

அணைக்குள் தூண்டில்

கூடாது. காரையாறு, சேர்வலாறு இரண்டு அணையும் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன.

வானத்தைப் பார்த்து ஆற்றில் இறங்குவது

இதுதான் இன்னும் எனக்கு எரிச்சல். அன்றைக்கு நல்ல வெயில். முழங்கால் தண்ணீரில் கல்லுக்குக் கல் தாவிப் பாறைக்குப் போய்விட்டேன். கையில் மச்சானிடம் இரவல் வாங்கிய ரீல். மண்புழு டப்பாவைப் பாறை ஓரம் வைத்திருந்தேன், அது மிதந்து போனது. கால் பட்டிருக்கும் என்று நினைத்தேன். அப்புறம் மீன் கடிப்பது நின்றது, சருகும் நுரையும் வந்தது. "ஏல, தண்ணி ஏறுதுல, வெளிய வால!" என்று படித்துறையில் துவைத்துக்கொண்டிருந்த ஆச்சி கத்திய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். தாவி வந்த கல் ஒன்றுகூட இல்லை. நாலு வேட்டியை முடிந்து வீசி என்னை இழுத்தார்கள். ரீல் போனது. மச்சான் இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுவார்.

இங்கே மழை பெய்யாவிட்டாலும் ஆறு ஏறும். மேலே மலையில் கொட்டியிருக்கலாம். மின் நிலையத்தில் கூடுதலாகத் தண்ணீர் விட்டிருக்கலாம். அணையில் தண்ணீர் இருந்தால் கார் நெல் சாகுபடிக்கு ஜூன் மாதச் சுடுவெயிலிலும் திறப்பார்கள். காலையில் பேப்பரில் பாபநாசம் அணை (காரையாறுதான்) நீர்மட்டத்தைப் பாருங்கள். முழுக் கொள்ளளவு 143 அடி. அதை ஒட்டி இருந்தால் அன்றைக்கு ஆற்றில் இறங்கவே வேண்டாம். குறைவாக இருந்தாலும், உட்கார்ந்ததும் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். குச்சியின் அடி நனைந்தால் மீன் மாட்டியிருந்தாலும் விட்டுவிட்டுக் கரையேற வேண்டியதுதான்.

பையன்களிடமும் குச்சி நடச் சொன்னேன். ஒருவன் செல்ஃபி ஸ்டிக்கை நட்டான்.

கோயில் படித்துறை மீன்

பொரி போடலாம். கொக்கி போடாதீர்கள், அடி விழும்.