பழைய போனை ஃப்ளாஷ் செய்கிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

ரெட்மி நோட் 4 என்ற ஒரே பெயரில் இரண்டு போன்கள் உண்டு. 2016-இல் சீனாவில் முதலில் வந்தது மீடியாடெக் ஹீலியோ எக்ஸ்20 சிப் கொண்டது. 2017 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்ததில் இருப்பது ஸ்னாப்டிராகன் 625. முன்னதன் கோட்நேம் (தயாரிப்பாளர் வைத்த உள்பெயர்) நிகெல், பின்னதன் கோட்நேம் மிடோ. வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். உள்ளே ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது. ஒன்றின் கோப்பை மற்றொன்றில் ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு விளக்கம் வேண்டாம்.

ரூட் (போனில் முழு அதிகாரம் பெறுவது), அன்லாக் (போனை எழுப்பும் முதல் நிரலான பூட்லோடரின் பூட்டைத் திறப்பது), ஃப்ளாஷ் (போனில் வேறு மென்பொருளை எழுதுவது) என்று இறங்குகிறவர்கள் கட்டளைகளைத்தான் பெரிய விஷயமாக நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை, கட்டளையைத் தப்பாக அடித்துப் போனைக் கெடுத்தவர்கள் குறைவு. கையில் இருப்பது எந்தப் போன், திரும்பி வர வழி என்ன என்ற இரண்டையும் தெரிந்துகொள்ளாமல் கட்டளையைச் சரியாக அடித்தவர்கள்தான் அதிகம்.

ஆகவே முதல் வேலை கோட்நேமைக் கண்டுபிடிப்பது. பெட்டியில் அச்சிட்ட பெயர் போதாது. ரெட்மி நோட் 3-இலும் இதே கதை: கென்சோ என்பது ஸ்னாப்டிராகன், ஹென்னஸி என்பது மீடியாடெக். சாம்சங் போனில் ஒரே காலக்ஸி பெயருக்கு நாட்டுக்கு நாடு மாடல் எண் மாறும். கடைசி எழுத்து ஒன்று வேறாக இருந்தாலும் சிப்பே வேறாக இருக்கலாம். யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து, கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி கருவியின் ஷெல்லில் கெட்ப்ராப் கொடுத்து, 'ப்ராடக்ட் டிவைஸ்' என்ற வரியைப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை.

இதைச் செய்யாதவர்களுக்கு அடுத்த கட்டத்தில் ஒரு காவலாளி காத்திருப்பார். அவர் பெயர் எரர் 7. டிடபிள்யூஆர்பி ரிக்கவரியில் (ஆண்ட்ராய்டு ஓடாமலே திறக்கும், ரோம் ஏற்றவும் பேக்கப் எடுக்கவும் உதவும் தனிச் சூழல்) ரோமின் ஜிப் கோப்பை ஏற்றும்போது, 'இந்தக் கோப்பு இன்ன போனுக்கானது, உங்களுடையது அது இல்லை' என்று நின்றுவிடும். அப்போது தேடினால் கிடைக்கும் அறிவுரை ஒன்று உண்டு: ஜிப்பைத் திறந்து, அப்டேட்டர் ஸ்கிரிப்டில் 'அசர்ட்' என்று தொடங்கும் வரிகளை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள் என்பார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். வாசலில் நிற்கிற காவலாளியை அனுப்பிவிட்டுத் திருடனுக்குக் கதவு திறப்பது போன்றது அது. எரர் 7 வருவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்தான்: கோப்பு வேறு போனுடையது, ரிக்கவரி மிகப் பழையது, அல்லது போனில் உள்ள ஃபர்ம்வேர் அந்த ரோம் கேட்கும் பதிப்பு இல்லை. முதலாவது என்றால் தப்பித்தீர்கள். மற்ற இரண்டுக்கும் மருந்து ரிக்கவரியையோ ஃபர்ம்வேரையோ புதுப்பிப்பதுதான்.

ஃபர்ம்வேர் என்பதும் ரோம் என்பதும் ஒன்றல்ல என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கஸ்டம் ரோம், அதாவது கம்பெனி அல்லாத வேறு யாரோ தயாரித்த ஆண்ட்ராய்டு, பெரும்பாலும் சிஸ்டம், பூட் பகுதிகளைத்தான் மாற்றும். மோடம் (சிக்னலைக் கையாள்வது), பூட்லோடர் போன்றவை, அதாவது ஃபர்ம்வேர், கம்பெனி கொடுத்தபடியே அடியில் இருக்கும். அடித்தளம் ஆண்ட்ராய்டு 7 காலத்தது, மேல்மாடி ஆண்ட்ராய்டு 11 என்று கட்டினால் வைஃபை வராது, சிக்னல் வராது, சில சமயம் போனே எழாது. லினியேஜ் ஓஎஸ் என்ற கஸ்டம் ரோமின் விக்கியில் பல மாடல்களுக்கு எந்த ஃபர்ம்வேர் வேண்டும் என்று தெளிவாகப் போட்டிருப்பார்கள். அந்தப் பத்தியைத் தாண்டிக் குதித்து நேராக டவுன்லோட் பொத்தானுக்குப் போவது நம் வழக்கம்.

பேக்கப் எடுத்தும் இழப்பது

என் கதையையே சொல்கிறேன். முதல் தடவை ஃப்ளாஷ் செய்தபோது டிடபிள்யூஆர்பியில் எல்லாவற்றையும் பேக்கப் எடுத்தேன், கோப்பு சரியாக இருக்கிறதா என்றுகூடப் பார்த்துக்கொண்டேன். பிறகு, டேட்டா என்கிரிப்ட் ஆகியிருந்ததால் ஃபார்மேட் டேட்டாவை அழுத்தி, 'யெஸ்' என்று டைப் செய்தேன். பேக்கப் இருந்தது போனின் உள் சேமிப்பிலேயே. அதுவும் சேர்ந்து போயிற்று. சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்த நிலை.

இதில் இன்னொரு நுணுக்கம். டிடபிள்யூஆர்பியின் டேட்டா பேக்கப்பில் ஆப்களும் அவற்றின் அமைப்புகளும் வரும். படங்கள், வீடியோக்கள், வாட்ஸாப் கோப்புகள் இருக்கும் உள் சேமிப்பு வராது. அதைத் தனியாகக் கணினிக்கு நகல் எடுக்க வேண்டும். அதுபோக, பெரும்பாலான போன்களில் பூட்லோடரை அன்லாக் செய்யும் அந்த நிமிடமே டேட்டா முழுவதும் அழிக்கப்படும். ரிக்கவரி போட்ட பிறகு பேக்கப் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்களுக்கு அப்போது எடுக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது.

எல்லாரும் மறக்கும் பேக்கப், இஎஃப்எஸ் பகுதி. ஐஎம்இஐ (போனின் அடையாள எண்), வைஃபை முகவரி போன்றவை அங்கேதான் இருக்கும். சில போன்களில் பெர்சிஸ்ட் என்ற பகுதியும் இதே அளவுக்கு முக்கியம். மொத்தமே சில எம்பிதான் வரும். ரிக்கவரி போட்ட கையோடு, வேறு எதையும் தொடுவதற்கு முன் அவற்றை எடுத்து, போனுக்கு வெளியே இரண்டு இடத்தில் வையுங்கள். அப்புறம் நட்சத்திரம்-ஹாஷ்-06-ஹாஷ் அடித்து ஐஎம்இஐ எண்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

மீடியாடெக் போன் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஆபத்து இரண்டு மடங்கு. அந்தப் போன்களில் ரோம் எழுதும் எஸ்பி ஃப்ளாஷ் டூலில் மேலே ஒரு சின்னப் பட்டியல் இருக்கும்: டவுன்லோட் ஒன்லி, ஃபர்ம்வேர் அப்கிரேட், ஃபார்மேட் ஆல் ப்ளஸ் டவுன்லோட். 'சுத்தமாகப் போட்டுவிடலாம்' என்று மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தால் என்வி ராம் பகுதியும் துடைக்கப்பட்டு ஐஎம்இஐ காணாமல் போகும். போன் அழகாக எழுந்து நிற்கும், சிம் மட்டும் வேலை செய்யாது. அப்போது ஏதாவது ஒரு எண்ணை எழுதிவிடுங்கள் என்று சொல்ல ஆள் வருவார்கள். இந்தியாவில் ஐஎம்இஐ எண்ணைத் திருத்துவதற்கு எதிராக 2017-இலேயே விதிகள் வந்துவிட்டன. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். தன் போனின் பேக்கப்பைத் திரும்ப வைப்பது வேறு, வேறொரு எண்ணை எழுதுவது வேறு.

மறுபடி பூட்டுவது

அன்லாக் செய்வதில் ஆகும் சேதத்தைவிட, திரும்ப லாக் செய்வதில் ஆகும் சேதம் பெரிது. கஸ்டம் ரோம் பிடிக்கவில்லை, பழையபடி ஆக்கிவிடலாம் என்று நினைத்து பூட்லோடரைப் பூட்டுகிறார்கள். போனுக்குள் கம்பெனியின் டிஜிட்டல் கையெழுத்து இல்லாத ஏதாவது ஒரு பகுதி மிச்சம் இருந்தால் அது எழ மறுக்கும். பூட்டிய பிறகு ஃபாஸ்ட்பூட் (கணினியிலிருந்து போனின் பகுதிகளை எழுதும் பயன்முறை) வழியாக எதையும் எழுதவும் முடியாது. ரூட் எடுக்கும்போது மாற்றிய பூட் இமேஜ் (பூட் பகுதியின் கோப்பு) ஒன்றே இதற்குப் போதும்.

ஷாவ்மி போன்களில் இது தானாகவே நடக்கும் விபத்து. மீ ஃப்ளாஷ் கருவியின் அடியில் 'கிளீன் ஆல்', 'சேவ் யூசர் டேட்டா', 'கிளீன் ஆல் அண்ட் லாக்' என்று மூன்று தேர்வுகள் உண்டு. பிந்தைய பதிப்புகளில் மூன்றாவதுதான் ஏற்கெனவே குறியிடப்பட்டிருக்கும். கவனிக்காமல் ஃப்ளாஷ் அழுத்தினால் வேலை முடியும்போது பூட்டும் விழும். இந்தியப் போனில் இந்திய ரோம் என்றால் பாதகமில்லை. சீனாவுக்கென்று தயாரான போனில் குளோபல் ரோமைப் போட்டுப் பூட்டினால், 'இந்த மியூஐ பதிப்பை இந்தப் போனில் நிறுவ முடியாது' என்ற வாசகம் மட்டும் திரையில் நிற்கும். மியூஐ என்பது ஷாவ்மியின் ஆண்ட்ராய்டு வடிவம்.

இதன் நெருங்கிய உறவினர் ஆன்டி ரோல்பேக், அதாவது பழைய பதிப்புக்கு இறங்குவதைத் தடுக்கும் ஏற்பாடு. 2018-இல் ரெட்மி நோட் 5 ப்ரோ வைத்திருந்த பலர் இதில் சிக்கினார்கள். புதிய மியூஐ போனுக்குள் ஒரு எண்ணை உயர்த்தி எழுதிவிடும். அதைவிடக் குறைந்த எண் கொண்ட பழைய ரோமைப் போட்டால் போன் செங்கல், எழவே எழாது. ஈடிஎல் என்ற, சிப்பின் அவசர மீட்புப் பயன்முறை வழியாக மீட்கலாம் என்றால், அதற்குக் கம்பெனி அனுமதித்த கணக்கு வேண்டும். பழைய பதிப்புக்கு இறங்கும் முன் ஃபாஸ்ட்பூட்டில் 'கெட்வார் ஆன்டி' கொடுத்துப் பாருங்கள். போனில் உள்ள எண், ஏற்றப் போகும் ரோமின் எண்ணைவிடப் பெரிதாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இதே ஷாவ்மியில் அன்லாக் அனுமதிக்குப் பல மாடல்களில் 168 மணி நேரம் காத்திருக்கச் சொல்வார்கள். போனின் தேதியை மாற்றி ஏமாற்ற முடியாது. நடுவில் பொறுமையிழந்து 'ஆட் அக்கவுண்ட்' பொத்தானை மறுபடி அழுத்தினால் நேரக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். அவசரத்துக்கு அண்டாவிலும் கை நுழையாது என்பது இதற்கே சொன்னது மாதிரி இருக்கிறது.

சாம்சங்கில் வேறு விதம். 2013 வாக்கில் வந்த மாடல்களிலிருந்து நாக்ஸ் என்று ஒரு மின் ஃப்யூஸ் உண்டு. கம்பெனி கையெழுத்து இல்லாத ஒன்றை எழுதினால் அது எரிந்துவிடும். சாம்சங் பே, செக்யூர் ஃபோல்டர் இரண்டும் நிரந்தரமாகப் போயின. ஸ்டாக் ரோமை, அதாவது கம்பெனியின் சொந்த ரோமை, திரும்பப் போட்டாலும் வராது. சாம்சங் போனில் ரோம் எழுதும் ஓடின் கருவியில் செய்யும் சின்னத் தவறு இன்னொன்று: டிடபிள்யூஆர்பி ஏற்றும்போது 'ஆட்டோ ரீபூட்' டிக்கை எடுக்க மறப்பது. போன் நேராக ஆண்ட்ராய்டுக்குப் போனால் பழைய ரிக்கவரி தன்னைத் தானே திரும்ப எழுதிக்கொள்ளும். டிக்கை எடுத்துவிட்டு, பொத்தான்களைப் பிடித்து முதல் தடவையே ரிக்கவரிக்குள் நுழையுங்கள். 'ரீ-பார்ட்டிஷன்' பக்கம் மட்டும் போகாதீர்கள். ஸ்டாக் ரோம் போடும்போது சிஎஸ்சி (நாடு, நெட்வொர்க் அமைப்புகள் உள்ள) கோப்பைக் கொடுத்தால் டேட்டா அழியும், ஹோம் சிஎஸ்சி கொடுத்தால் தங்கும்.

ஜியோவில் பேச முடியாத போன்

ரோம் ஏறிவிட்டது, திரை பளபளவென்று இருக்கிறது, ஆனால் ஜியோ சிம்மில் அழைப்பு போகவில்லை. 2016 செப்டம்பரில் வந்த ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையாது. வோல்ட்இ (4ஜி வழியாகவே பேசும் வசதி) இல்லாவிட்டால் சாதாரண அழைப்பே இல்லை. பழைய சாம்சங் போன்களில் வோல்ட்இ சாம்சங்கின் சொந்த மென்பொருளோடு பின்னிக் கிடப்பதால் கஸ்டம் ரோம்களில் அது வேலை செய்யாதது சகஜம். அந்த மாடலுக்கான ரோம் அறிவிப்பில் 'எது வேலை செய்யவில்லை' என்ற பகுதியை முதலில் படியுங்கள். எது வேலை செய்கிறது என்ற பட்டியல் விளம்பரம் மாதிரிதான்.

வங்கி ஆப்கள், யூபிஐ ஆப்கள் பற்றி எல்லாரும் கேட்பார்கள். பூட்லோடர் திறந்திருப்பதே போன் நம்பத்தக்கதா என்று ஆப்கள் பார்க்கும் கூகுளின் ப்ளே இன்டெக்ரிட்டி சோதனையில் தோற்பதற்குப் போதுமான காரணம். ரூட் இருக்க வேண்டும் என்பதில்லை. மறைக்கும் வித்தைகள் இன்றைக்கு வேலை செய்யும், அடுத்த மாதம் நின்றுபோகும். பணம் செலுத்தும் போனை ரூட் செய்யாமல் விட்டுவிட்டு, டிராயரில் கிடக்கும் இரண்டாவது போனில் விளையாடுங்கள் என்பது என் கட்சி.

கூகுள் ஆப்கள் வேண்டுமென்றால் ரோம் ஏற்றிய கையோடு, முதல் முறை பூட் ஆவதற்கு முன்பே ஜிஆப்ஸ் என்ற கூகுள் ஆப் பொதியை ஏற்ற வேண்டும். ஒரு தடவை பூட் ஆன பிறகு ஏற்றினால் 'ப்ளே சர்வீசஸ் நின்றுவிட்டது' என்ற செய்தி ஓயாது. சிப் 64 பிட் என்பதற்காக 64 பிட் ஜிஆப்ஸை எடுக்காதீர்கள். மோட்டோ ஜி4 ப்ளஸ்ஸின் ஸ்னாப்டிராகன் 617 சிப் 64 பிட்தான், மென்பொருள் 32 பிட். எரர் 70 வந்தால் சிஸ்டம் பகுதியில் இடமில்லை என்று பொருள்; பெரிய பொதியைவிட்டு, சிறிய பிக்கோ பொதிக்கு இறங்குங்கள்.

ரூட் மட்டும் போதும் என்பவர்களுக்கு: ஒரே தட்டில் ரூட் என்ற கிங்ரூட் வகை ஆப்களின் காலம் முடிந்துவிட்டது. அவை ஆண்ட்ராய்டின் பாதுகாப்பு ஓட்டைகளைக் கொண்டு நுழைந்தவை. போட்ட பிறகு நீக்குவதே தனி வேலை. 2016-இல் ஜான் வூ தொடங்கிய மேஜிஸ்க் என்ற ரூட் கருவி போதும். அதன் அதிகாரபூர்வ இடம் கிட்ஹப் மட்டுமே. மேஜிஸ்க் பெயரைத் தாங்கிய மற்ற தளங்களிலிருந்து எதையும் இறக்காதீர்கள். மேஜிஸ்க்கில் கொடுக்கும் பூட் இமேஜ், போனில் இப்போது ஓடும் அதே பில்ட் எண்ணுடையதாக இருக்க வேண்டும். 'கிட்டத்தட்ட அதே பதிப்பு' என்றால் பூட்லூப் (போன் முழுதாக எழாமல் பூட் ஆகிக்கொண்டே இருப்பது) கிட்டத்தட்ட உறுதி.

கேபிள், சார்ஜ் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பேட்டரி பாதிக்கு மேல் இருக்கட்டும், பெட்டியோடு வந்த கேபிள் நல்லது, யூஎஸ்பி ஹப் வேண்டாம். யூஎஸ்பி 3 போர்ட்டில் ஃபாஸ்ட்பூட் முரண்டு பிடித்தால் 2-க்கு மாற்றுங்கள். மின்வெட்டு வரும் ஊரில் யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பை விட்டுவிட்டு மடிக்கணினியில் செய்யுங்கள்.

போன் செத்துவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன்

புதிய ரோமின் முதல் பூட் பழைய போனில் பத்துப் பதினைந்து நிமிடம்கூட எடுக்கும். ஐந்தாவது நிமிடத்தில் பேட்டரியைக் கழற்றியவர்களை எனக்குத் தெரியும். அரைமணி தாண்டியும் லோகோவிலேயே நின்றால் ரிக்கவரிக்குப் போய், டேட்டாவை ஃபார்மேட் செய்து மறுபடி ஏற்றுங்கள். பழைய ரோமின் டேட்டா மிச்சம் இருப்பதுதான் பூட்லூப்புக்கு வழக்கமான காரணம். சிஸ்டத்தையே அழித்துவிட்டு, கையில் ஜிப்பும் இல்லை என்றாலும் பயமில்லை. டிடபிள்யூஆர்பி திறக்கிறது என்றால் ஏடிபி சைட்லோட் வழியாகக் கணினியிலிருந்தே ஏற்றலாம்.

திரை முற்றிலும் கருப்பாக இருந்தால் கணினியில் செருகி டிவைஸ் மேனேஜரைப் பாருங்கள். க்யூடிலோடர் 9008 என்று ஏதாவது தெரிந்தால் ஸ்னாப்டிராகன் சிப் இன்னும் பேசுகிறது. மீடியாடெக் என்றால் 'ப்ரீலோடர்' என்ற பெயர் ஓரிரு நொடி தோன்றி மறையும். ஒன்றுமே தெரியவில்லையா? பவர் பொத்தானை முப்பது விநாடி அழுத்திப் பார்த்துவிட்டு, சார்ஜரில் போட்டு இரவு முழுக்க விட்டுவிடுங்கள். பூட்லூப்பில் சுற்றிச் சுற்றிப் பேட்டரி ஒட்ட வற்றிப்போன போனும் செத்த போன் மாதிரிதான் கிடக்கும்.