பூனைக்குக் காமாலை, பல்லியால்

எங்கள் வெள்ளச்சி பல்லி வேட்டைக்காரி. மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்பூட் தோட்டத்து வீடுகளில் பல்லிக்கா பஞ்சம்? சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு அலமாரிக்கு அடியிலேயே கிடந்தாள். தூக்கிப் பார்த்தால் ஈறும் காதின் உள்பக்கமும் மஞ்சள்.

பக்கத்து வீட்டு அண்ணன் ஹோமியோபதி உருண்டை கொடுத்தார், செலிடோனியம் 30சி. காமாலை என்றதும் ஹோமியோபதிக்காரர்கள் எடுக்கிற மருந்து. ஆனால் 30சி என்பது நூறில் ஒரு பங்காக 30 தடவை நீர்த்தது; மூலச் செடியின் ஒரு மூலக்கூறுகூட அதில் மிஞ்சாது. சரி, பாசத்தோடு தருகிறார் என்று வாங்கி வைத்துவிட்டு ஈப்போவுக்கு, கால்நடை டாக்டரிடம் கிளம்பினேன்.

“பல்லி சாப்பிடுமா?” டாக்டர் எடுத்தவுடன் கேட்டது இதுதான். பல்லி வழியாகப் பூனையின் பித்த நாளத்தில் குடியேறும் தட்டைப்புழு ஒன்று இருக்கிறது, பெயர் பிளாட்டினோசோமம். நாளம் அடைபட்டால் காமாலை. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மலத்தில் முட்டை எல்லாம் பார்த்து உறுதி செய்தார். மருந்து பிராசிகுவாண்டல். வழக்கமான பூச்சி மாத்திரை அளவு இதற்குப் போதாது. எடை பார்த்து டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

மருந்தைவிட சாப்பாடுதான் பெரும்பாடு. பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே கொழுப்பு ஈரலில் போய்ச் சேரும், காமாலை இன்னும் முற்றும். குண்டுப் பூனைக்கு ஆபத்து அதிகம். டாக்டர் தந்த உணவைக் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். சட்டையெல்லாம் மீன் வாடை!

சோர்ந்திருக்கிறதே என்று பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம். அப்புறம், பல்லி வேட்டை இன்னும் நிற்கவில்லை. டாக்டர் சொன்ன கெடுவில் மலப் பரிசோதனைக்குக் கொண்டுபோகிறேன்.