வெடிச் சத்தமும் வீட்டு நாயும்: பண்டிகைக் காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“வன்னி நாய்க்கு வெடி புதுசே?” தீபாவளி, நத்தார், பொங்கல் என்று வரிசையாக வரும் மாதங்களில் இந்தக் கதை அடிக்கடி காதில் விழும். யுத்தச் சத்தத்தில் பழகிய வன்னி நாய் வெடிக்குப் பயப்படாது என்று நினைப்பதுதான் முதல் தவறு. யுத்தம் முடிந்தது 2009இல். நாய் நன்றாக வாழ்ந்தாலே பத்துப் பதின்மூன்று வருசம், ஆகவே இன்று உங்கள் முற்றத்தில் படுத்திருப்பது பெரும்பாலும் ஷெல் சத்தமே கேட்டறியாத நாய். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கம் யானையை விரட்டப் போடும் வெடி கேட்கும்தான், ஆனால் அதைக் கேட்டுக் கேட்டுப் பயம் விட்டுப்போகும் என்று நம்பியிருக்க முடியாது. சில நாய்களுக்கு ஒவ்வொரு வருசமும் பயம் கூடிக்கொண்டே போய், வெடியில் தொடங்கியது மாரிகால இடிக்கும் பரவிவிடும். நமக்கு 20,000 ஹேர்ட்ஸுக்கு மேல் காது கேட்காது, நாய்க்கு 40,000 தாண்டியும் கேட்கும், பூனைக்கு அதற்கும் மேலே. ரயர் வெடித்தாலே திடுக்கிடுகிற பெரியவர்கள் இன்னும் இருக்கிற ஊரில், நாயை மட்டும் ஏன் வீரனாக்கப் பார்க்கிறோமோ தெரியவில்லை.

அடுத்தது, ஓடிவிடும் என்று மாமரத்தில் சங்கிலியால் கட்டிப்போடுவது. இதைவிட மோசமான யோசனை இல்லை. பயந்த நாய் மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடிச் சங்கிலியைக் கட்டையாக்கி, கழுத்து இறுகத் தொங்கிவிடும். அல்லது கழுத்துப் பட்டியை அறுத்துக்கொண்டு முட்கம்பி வேலிக்குள்ளால் நுழைந்து முதுகைக் கிழித்துக்கொண்டு ஓடும், ஏ9 வீதி பக்கத்தில் என்றால் மிச்சத்தை நான் சொல்லத் தேவையில்லை. பொங்கலன்று பால் பொங்கும்போது வெடி கொளுத்துவார்கள் என்பதும், டிசம்பர் 31 நள்ளிரவில் ஊரே அதிரும் என்பதும் எல்லாருக்கும் தெரிந்த நேரங்கள்தானே. அதற்கு முன்பே நாயை உலாவக் கூட்டிப்போய்ச் சாப்பாடும் கொடுத்து, உள் அறையில் விட்டு, ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் ரேடியோவையும் போட்டுவிடுங்கள். மூலையில் பழைய சாரம் ஒன்று கிடக்கட்டும், வீட்டு ஆட்களின் மணம் இருந்தால் அதற்குக் கொஞ்சம் தெம்பு.

நாய் கட்டிலுக்குக் கீழே போய்விட்டால் காலில் பிடித்து இழுக்காதீர்கள். பூனை அலுமாரிக்கு மேலே ஏறினால் அதுவும் அங்கேயே இருக்கட்டும். சத்தம் போட்டு அதட்டுவது வெடிக்கு மேல் இன்னொரு வெடி. பயந்த நாய்க்குக் காது பின்னுக்குச் சாய்ந்திருக்கும், வால் வயிற்றோடு ஒட்டியிருக்கும், வெக்கையோ ஓட்டமோ இல்லாமலே மூச்சிரைக்கும், நித்திரை வராமலே கொட்டாவி விடும், உதட்டை நக்கிக்கொண்டே இருக்கும். இதெல்லாம் பயத்தின் அடையாளம், குழப்படி இல்லை. தடவிக் கொடுத்தால் பயம் கூடும் என்று சிலர் சொல்வார்கள், அது பிழை. பக்கத்தில் வந்து ஒட்டினால் தாராளமாகத் தடவுங்கள்.

இனி மருந்து விஷயம். வீட்டில் கிடக்கிற தடிமன் குளிசையையோ நித்திரைக் குளிசையையோ உடைத்துக் கொடுக்கக் கூடாது. பூனைக்கு அரைப் பனடோலே உயிரை எடுக்கப் போதும். மிருக வைத்தியர் தரும் மருந்திலும் ஒரு நுணுக்கம் உண்டு: அசிப்ரோமசின் போன்ற மயக்க மருந்தைத் தனியாகக் கொடுத்தால் உடம்புதான் அசையாமல் கிடக்கும், பயம் உள்ளே அப்படியே இருக்கும், அதனால் பயத்தைக் குறைக்கிற மருந்து இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். லீவு நாளில் அலுவலகம் பூட்டு, ஆகவே ஒரு கிழமை முன்பே போய்விடுவது நல்லது. விசர்நாய்த் தடுப்பூசி தவறியிருந்தால் அதே பயணத்தில் முடித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பயந்த நாய் சொந்தக்காரனையும் கடிக்கும்.

கனடா, லண்டன் சொந்தங்கள் வந்திறங்கினால் படலை திறந்தபடியே கிடக்கும், பிள்ளைகள் நாயைக் கட்டிப்பிடித்துப் படம் எடுப்பார்கள். நாய் விலகி நடந்தால் விட்டுவிடச் சொல்லுங்கள். கழுத்துப் பட்டியில் போன் நம்பர் எழுதியிருக்கட்டும். பாசத்தில் ஊட்டுவதும் இந்த நாட்களில்தான்: பொங்கலில் போடும் பிளம்ஸ் என்கிற உலர்ந்த திராட்சை, சொக்லேட், வெங்காயம் போட்ட கறி, வெந்த கோழி எலும்பு எதுவும் வேண்டாம்.

பட்டிப் பொங்கலுக்கு மாட்டுப் பட்டிக்குப் பக்கத்தில் சீனவெடி கொளுத்துவதையும் நிறுத்தலாம். மாடு வெருண்டால் வேலி மிஞ்சாது.

உண்மையாகப் பழக்க விரும்பினால் பண்டிகைக்கு ஒன்றிரண்டு மாதத்துக்கு முன்பே தொடங்க வேண்டும். வெடிச் சத்தத்தைப் போனில் மிக மெதுவாகப் போட்டு, கூடவே கருவாட்டுத் துண்டு ஒன்று கொடுங்கள். நாய் கணக்கெடுக்காமல் தின்றால், சில நாள் கழித்து அடுத்த தடவை ஒரு துளி கூட்டலாம். காதை நிமிர்த்தித் தின்னாமல் நின்றால் கூட்டினது அதிகம், பழைய அளவுக்கே குறையுங்கள்.